மழை பெய்தால் ஞாயிறு

2003 ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு வத்தளை வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் ருவான்வெல்லைக்குப் புறப்பட்டேன். ஊர் பார்க்க அல்ல. அந்தப் பக்கத்தில் பார்ப்பதற்கு இறப்பர் மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். என் தங்கையைத் திரும்ப அழைத்து வருவதற்காகப் போனேன்.

தங்கையின் பெயர் சுகிர்தா. கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் மனேஜருக்குச் செயலாளராகப் பத்தொன்பது வருஷம் இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1997இல் ஒருநாள் அந்த வேலையை உதறிவிட்டு, ருவான்வெல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கும் சில கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஊழியம் செய்யப் போய்விட்டாள். சம்பளம் கிடையாது. இதற்கு எங்கள் சபையில் 'விசுவாச ஊழியம்' என்று பெயர். கடவுள் யார் மூலமாக எதை அனுப்புகிறாரோ அதை உண்டு பிழைப்பது. கேட்க அழகாக இருக்கும். சொந்தத் தங்கை செய்யும்போது அவ்வளவு அழகாக இராது.

போன கிழமை அந்த மனேஜர் எனக்குப் போன் செய்தார். சுகிர்தாவின் இடத்தில் இருந்த பெண் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறாளாம். சுகிர்தா வருவாளா, செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கிறேன் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். என் மனைவி இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மனேஜருக்கு ஒரு செயலாளர் தேவை, எனக்கு வீட்டில் ஒரு மனிதக் குரல் தேவை. இரண்டில் எந்தத் தேவைக்காக நான் பஸ் ஏறினேன் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

புறக்கோட்டையிலிருந்து அவிசாவளைக்கு இருபத்தெட்டு ரூபாய். சுமார் அறுபது கிலோமீற்றர். இரண்டு வருஷத்துக்கு முன்பென்றால் வழியில் எங்களைப் போன்ற தமிழர்களை ராணுவத்தினர் இறக்கி, அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். இப்போது சமாதான காலம். ஹங்வெல்லையில் காவல்சாவடிக் கூரைக்குக் கீழே ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர், சிங்களவர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். தங்கை வீட்டுக்கு என்றேன். தங்கை என்ன வேலை? நான் ஒரு கணம் தடுமாறிவிட்டு, ஆசிரியை மாதிரி என்றேன்.

"அரசாங்கமா?"

"இல்லை."

"பென்ஷன் இருக்கா?"

"இல்லை."

"அப்படியானால் அது வேலை இல்லையே மாத்தயா" என்றார். ஆறு வருஷமாக நான் நினைத்ததும் அதுதான். இருந்தாலும் அவர் வாயால் கேட்டபோது கோபம் வந்தது. அதன் பிறகு அவரோடு பேசவில்லை.

அவிசாவளையில் பஸ் மாறி ருவான்வெல்லையில் இறங்கும்போது பதினொரு மணி ஆகிவிட்டது. சின்னக் கடைவீதி. பாணும், ஒரு கேக்கும், நான்கு அப்பிளும் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் நவாஸ், கடைவீதிக்காரர். ஐந்து கிலோமீற்றருக்கு நூற்றிருபது கேட்டார். பேரம் பேச எனக்கு மனமில்லை.

"சிஸ்டரம்மாட வீட்டுக்கா?" என்றார் நான் சொல்வதற்கு முன்பே. "தமிழாளு ஒத்தரு ஷூ போட்டுட்டு வந்தா அங்கதான். அவங்க நல்ல மனுஷி. எங்கட உம்மாவ ஆஸ்பத்திரில வெச்சிருந்தப்ப, பக்கத்துக் கட்டில்ல ஒரு தோட்டத்து அம்மா. அவங்களுக்குத் தொணைக்கி வந்த சிஸ்டரம்மா, ராவு முழுக்க எங்கட உம்மாவையும் பார்த்தாங்க."

"நாளைக்குக் கோயிலுக்கு நிறையப் பேர் வருவார்களா?" என்று கேட்டேன்.

நவாஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாளைக்கு ஈக்கோ என்னமோ தெரியா" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயில் இருக்குமோ தெரியாது என்று ஒரு மனிதர் சொல்கிறாரே, முஸ்லிம் என்பதால் விவரம் தெரியவில்லை போலும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

பாதை முடியும் இடத்தில் ஆட்டோ நின்றது. அதற்கு மேல் நடை. இரண்டு பக்கமும் இறப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு தேங்காய்ச் சிரட்டை. தேயிலை மலையில் நிமிர்ந்தால் வானம் தெரியும். இங்கே பட்டப்பகலிலும் இலை நிழல்தான். தூரத்தில் எங்கோ இறப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தின் புளித்த மணம். கால் மணி நேர நடையில் ஒரு மனிதரைக்கூட நான் காணவில்லை.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி இரண்டு அறைகளில் தங்கை இருந்தாள். மெலிந்திருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையில் இருந்த அகப்பையோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கட்டிக்கொள்ளும் வழக்கம் இல்லை. சோறும் பலாக்கொட்டைக் கறியும் கருவாடும் சாப்பிட்டோம். பலாக்கொட்டை ஒரு வீட்டில் தந்தது, கருவாடு இன்னொரு வீட்டில், அரிசி போன மாதம் நீர்கொழும்பிலிருந்து யாரோ அனுப்பியது. "ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வரலாறு வைத்திருக்கிறாயே" என்று கேலி செய்தேன். சிரித்தாள். வந்த விஷயத்தை அன்றைக்கு எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மனம் இளகியிருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்பது என் திட்டம்.

ஞாயிறு காலை. குளிர்ந்த தண்ணீரில் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சுகிர்தா பானை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"கோயிலுக்குத்தான்."

"இன்னைக்குக் கோயில் இல்லண்ணே."

"என்ன பேசுறே? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"இந்த வாரத்து ஞாயிறு புதன்கிழமையே முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு என் கழுத்துப்பட்டியைப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். சுவருக்கு அப்பால், பக்கத்துக் காம்பராவில் யாரோ ஒரு பெண்ணும் சேர்ந்து சிரித்தது கேட்டது.

விஷயம் இதுதான். மரப்பட்டை நனைந்திருந்தால் இறப்பர் பால் சிரட்டைக்கு வராமல் பட்டையோடு பரவி வீணாகிவிடும். ஆகவே மழை என்றால் பால்வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பேர் இல்லை; பேர் இல்லையென்றால் கூலி இல்லை. மழையில் போன நாளை ஈடுகட்ட இந்தத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை கொடுக்கிறார்கள். வயிற்றை வைத்துக்கொண்டு யார் வேண்டாம் என்பார்கள்? சுகிர்தா வந்த புதிதில் ஞாயிறுதோறும் மணியடித்துவிட்டு வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு முறையை மாற்றிவிட்டாள். வாரத்தில் எந்த நாள் மழையால் வெட்டு நிற்கிறதோ அந்த நாள்தான் ஞாயிறு. புதன்கிழமை மழை, புதன்கிழமை ஆராதனை. மழையே இல்லாத வாரத்தில் மட்டும் நாள்காட்டி ஞாயிறு.

"அப்ப நீ மழைக்கு ஜெபிப்பியா, வெயிலுக்கு ஜெபிப்பியா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் இல்ல. மழைக்கு ஜெபிச்சா அவங்க வயித்துல அடிக்கிறேன். வெயிலுக்கு ஜெபிச்சா எனக்கு ஆளில்ல. அதை அவர்கிட்டயே விட்டுட்டேன்."

கட்டிய கழுத்துப்பட்டியை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. நான் பிடிவாதம் பிடித்ததால் இருவருமாகக் கோயிலுக்குப் போனோம். தகரக் கூரை, எட்டு பெஞ்சு, சுவரில் ஒரு மரச் சிலுவை. ஒரு பாட்டுப் பாடினோம். இரண்டு குரல்கள் ஒரு கட்டடத்தை நிரப்பாது. மூன்றாவது சரணத்தில் அவள் நிறுத்திவிட்டாள்; நான் தனியாக முடித்தேன்.

நண்பகலுக்கு மேல் வெட்டுக்காரர்கள் பால்வாளிகளோடு திரும்பினார்கள். நான்கு மணிக்குப் பிள்ளைகள் சிலர் வந்து அவளிடம் வாசிக்கப் படித்தார்கள். ஒரு பெண் வந்து, நாளை மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சிங்களத்தில் பேசத் துணைக்கு வர முடியுமா என்று கேட்டுப் போனாள். ஆறு மணிக்கு லயம் முழுக்க அடுப்புப் புகை. ஏழரைக்கெல்லாம் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. காலை நாலு மணிக்கு எழுகிற சனம். நானும் அவளும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் மனேஜர் போன் செய்ததைச் சொன்னேன்.

அவள் சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்து, வசனங்களோடு நான் தயாராக இருந்தேன். அவளோ, கொழும்புக் கோட்டையில் அந்தச் சோற்றுப் பார்சல் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். நம் வீட்டுக்கு முன்னால் இன்னும் அந்த ஐஸ்கிறீம் வண்டி வருகிறதா என்று கேட்டாள். வருகிறது என்றேன்.

"சம்பளம் இல்லாம இருக்கிறது கஷ்டமா?" என்றேன்.

"அது மொத வருஷத்தோட பழகிருச்சு. இதுதான் பழகல்ல" என்று இருட்டிக் கிடந்த லயத்தைக் காட்டினாள். "எல்லாரும் என்னை நல்லாத்தான் பார்த்துக்கிறாங்கண்ணே. ஜெபத்துக்குக் கூப்பிடுவாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவாங்க. சும்மா பேசுறதுக்கு ஒராள் இல்ல. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. விடியக்காலம் எந்திரிச்சு மரம் மரமா ஓடுறவங்க, என்னோட உக்காந்து என்னத்தைப் பேசுவாங்க? சில நாள் நான் பேசுறது எனக்கே கேக்கட்டும்னு வேதத்தைச் சத்தமா வாசிப்பேன்."

பிறகு, "வர்றேண்ணே" என்றாள். "நாளைக்கே சொல்லிட்டு வந்துர்றேன். ரெண்டு நாள் யோசிச்சா மனசு மாறிரும்."

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் குதிக்க முடியாது. கேக்கில் இரண்டாவது துண்டு வெட்டிச் சாப்பிட்டேன். அவள் உள்ளே போய் இரண்டு பைகளில் துணிகளை அடுக்கினாள்.

திங்கள் விடியற்காலையில் மழையின் சத்தத்தில் விழித்தேன். தகரத்தில் கல் கொட்டுவது போல அடித்தது. சுகிர்தா ஏற்கனவே எழுந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு ஞாயிறு" என்றாள். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் கோயில் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் தட்டினாள். ஏழு மணிக்கெல்லாம் சனம் வந்துவிட்டது. குடை பிடித்தவர்கள், உரச் சாக்கைத் தலையில் போட்டவர்கள், முந்தானையில் பிள்ளையை மூடியவர்கள். முந்தின நாள் இரண்டு குரலில் செத்துப்போன அதே பாட்டு அன்றைக்குக் கூரையைத் தூக்கியது. ஆராதனையின் முடிவில் தான் போவதைச் சொல்லப்போவதாகத் தங்கை என்னிடம் சொல்லியிருந்தாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தேன்.

அவள் பிரசங்கத்தைத் தொடங்கியபோது மழை விட்டது. கொஞ்ச நேரத்தில் வெயிலும் அடித்தது. சனங்களின் முகம் மாறியதை நான் கவனித்தேன். கண் அவளிடம் இருந்தது; காது வெளியே போய்விட்டது. எட்டரை மணிக்குத் தோட்டத்துச் சங்கு ஊதியது. பட்டை காய்ந்துவிட்டது, நேரம் பிந்தி வெட்டலாம், வருகிறவர்களுக்குப் பேர் உண்டு என்று அர்த்தம். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. "வர்றோங்க சிஸ்டர்", "மன்னிச்சுக்குங்க சிஸ்டர்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெண்களும் ஆண்களும் பிள்ளைகளும் வெளியேறினார்கள். அவள் வாக்கியம் நடுவில் நின்றது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இவர்களுக்காகவா இந்தப் பெண் ஆறு வருஷத்தை வீணாக்கினாள்? இனி ஒரு நிமிஷம் இங்கே இருக்கக்கூடாது என்று எழுந்தேன். அப்போதுதான் இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்திராமல் இருப்பதைக் கண்டேன். முப்பத்தைந்து வயது இருக்கும். கைகளைக் கோத்து மடியில் வைத்திருந்தாள். பால் வெட்டும் கத்தி பக்கத்தில் பெஞ்சின் மேல் இருந்தது.

"முடிங்க சிஸ்டர்" என்றாள்.

சுகிர்தா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒருத்திக்காகக் குரலைத் தாழ்த்தவும் இல்லை, சுருக்கவும் இல்லை. முடிவு ஜெபத்தில், எழுந்து போன ஒவ்வொருவருடைய பெயரையும், கடைசியாக எழாமல் இருந்தவளின் பெயரையும் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொரு பெயருக்கும் ஆமென் சொன்னாள். அவள் பெயர் மார்த்தா என்று அந்த ஜெபத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆமென் முடிந்ததும் தங்கை மேடையை விட்டு இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மார்த்தா, நான் இன்னைக்கு அண்ணனோட கொழும்புக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்."

மார்த்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "நல்லதுங்க சிஸ்டர்" என்றாள். "உங்களுக்கும் சொந்தம்னு வேணுமில்ல." கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய் நின்று, "அடுத்த மொறை மூணாவது வீட்டுக் கிருபையோட மொறைங்க. சிஸ்டர் இல்லைன்னாலும், சங்கு ஊதினா எந்திரிச்சிராத, முடியிற வரைக்கும் உக்காந்துட்டு வான்னு அவகிட்ட சொல்லிர்றேன்" என்றாள்.

தங்கை முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மார்த்தாவின் பின்னால் போய், பாதையில் அவளை நிறுத்திக் கேட்டேன்.

"நீ வேலைக்குப் போகவில்லையா?"

"இன்னைக்கு எனக்குப் பேர் இல்லைங்க. கங்காணி எழுதிட்டுப் போயிருப்பாரு."

"பிறகு ஏன் உட்கார்ந்தாய்?"

அவள் சொன்னதை இங்கே அப்படியே தருகிறேன். "ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருநாளு இப்பிடித்தாங்க, சங்கு ஊதிச்சு, எல்லாரும் ஓடிட்டோம். நான் கத்திய மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். உள்ள யாருமில்ல. சிஸ்டர் மட்டும் நின்னுக்கிட்டு, எங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தாங்க. பண்ணிக்கிட்டே அழுதாங்க. நான் வந்ததை அவங்க பார்க்கல. ராவு எங்க வீட்டாளுகிட்ட சொன்னேன், அவரு மத்தவங்ககிட்ட சொன்னாரு. அதுலருந்து மொறை வச்சுக்கிட்டோம். சங்கு ஊதினா ஒராள் போறதில்ல."

"அந்த ஆளுக்குப் போன கூலியை மற்றவர்கள் சேர்த்துக் கொடுப்பீர்களா?"

"மொதல்ல குடுக்கப் பார்த்தாங்க. நாந்தான் வேணாம்னேன். காசு வாங்கிக்கிட்டு உக்காந்தா அதுவும் கூலி வேலைதானுங்களே" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தாள்.

நான் திரும்பி வந்தபோது சுகிர்தா இன்னும் அதே பெஞ்சில் இருந்தாள். "எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள். "ஒராள் நிக்கிறது தெரியும். யாருக்காவது அன்னைக்கு உடம்பு முடியல, வேலை இல்லன்னு நெனச்சேன். மொறை வச்சு நிக்கிறாங்கன்னு ஒருத்தரும் என்கிட்டச் சொல்லல்ல."

பகல் இரண்டு மணிக்கு நவாஸின் ஆட்டோவை வரச் சொல்லியிருந்தேன். தங்கை பாதை முடியும் இடம் வரை என்னோடு நடந்து வந்தாள். கையில் பை இல்லை. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் என் குரல் எப்படி வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பாதிவழியில் அவளே பேசினாள்.

"நேத்து நான் சொன்னது பொய்யில்லண்ணே. தனிமை அப்பிடியேதான் இருக்கு. இன்னைக்கு ராவும் ஏழரைக்குக் கதவெல்லாம் சாத்திருவாங்க."

"தெரியுது."

"நான் போனாலும் ஒராள் உக்காந்திருக்கும். அந்தாளுக்கு ஜெபம் சொல்ல யாரு இருக்கா?" சிறிது தூரம் நடந்தாள். "உங்களுக்கு யாரு இருக்கான்னும்தான் நெனைக்கிறேன். ரெண்டையும் நெனைக்கிறேன். அழுகையா வருது."

"எனக்கென்ன, ரீவிப் பெட்டி இருக்கு" என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆட்டோவில் ஏறும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "மனேஜர்கிட்ட வேற ஆள் பார்க்கச் சொல்லுங்க" என்றாள். வளைவு வரை திரும்பிப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தாள்.

அவிசாவளையில் பஸ்ஸுக்காக நிற்கையில் மறுபடி மழை. வத்தளையில் எங்கள் கோயிலுக்கு மின்விசிறி உண்டு, பியானோ உண்டு, ஞாயிறு தவறாமல் ஞாயிற்றுக்கிழமையே வரும். கடைசி ஜெபம் தொடங்கும்போது பின்வரிசையில் பாதிப்பேர் மெல்ல நழுவிவிடுவார்கள், வாகனம் எடுக்கும் நெரிசலுக்கு முன் வெளியேறுவதற்காக. எனக்கு வாகனம் இல்லை. இருந்தும் அவர்களோடு நானும் நழுவுகிறவன்தான். எந்தச் சங்கும் எங்களைக் கூப்பிடுவதில்லை. இதை ஒரு பாடமாகச் சொல்லவில்லை. ஜன்னலோரத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது மனதில் ஓடியது இதுதான் என்று சொல்கிறேன்.

செவ்வாய் காலை மனேஜர் போன் செய்தார். வர மாட்டாள் என்றேன். அவருக்கு உண்மையாகவே வருத்தம். "அங்கே அவளுக்கு அப்படி என்னதான் தருகிறார்கள்?" என்று கேட்டார்.

"சம்பளம் ஒன்றும் இல்லை சார்."

"பிறகு?"

மார்த்தாவைப் பற்றிச் சொன்னேன். மரப்பட்டையைப் பற்றியும் சங்கைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது, நீளமாகிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்குச் சரியாகப் புரியவில்லை என்றார். எனக்குப் புரிந்திருந்தது. புரிந்த பிறகும், போனை வைத்தபோது வீடு காலியாகத்தான் இருந்தது.